நாயோடும் மாட்டோடும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்

சித்திரை வருஷப்பிறப்பு லீவில் கொழும்பிலிருந்து பிள்ளைகள் எல்லாம் தோட்டத்துக்கு வந்திருந்த நேரம். மூன்றாம் நாள் காலையில் கீழ் லயத்துத் தாய் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். முகம் வாடிப்போய் இருந்தது.

"ஐயா, பெரியவன் கிருலப்பனையில இருந்து வந்து மூணு நாளாச்சு. என்கிட்ட பத்து வார்த்தை பேசலை. விடிய எந்திரிச்சு இஸ்தோப்புல நாய் பக்கத்துல போய் குந்திக்கிறான். அரை மணி நேரம் அசையாம இருக்கான். ஏதும் காத்து கருப்பு புடிச்சிருக்குமா? பூசாரிகிட்ட காட்டவா?"

பூசாரியிடம் பிறகு போகலாம், முதலில் பேசிப் பார்ப்போம் என்று அந்தப் பையனிடம் போனோம். இருபத்திரண்டு வயது. ஹைலெவல் வீதிப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. ஒரு மாடி அறையில் நாலு பேர் சேர்ந்து படுக்கிறார்கள். விடியற்காலையிலேயே பஸ் சத்தம் தொடங்கிவிடும். இரவு கண்ணை மூடினால் கடைக் கணக்கு ஓடுகிறதாம். நெஞ்சு படபடக்கிறதாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "அங்க தூக்கமே இல்லீங்க. இங்க வந்து மணி பக்கத்துல குந்துனா மூச்சு தானா இறங்குது. அது மூச்சு விடுறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

மணி என்பது அந்த லயத்து நாய். செம்பட்டை நிறம், ஒரு காது கிழிந்தது. பையனுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று தாய்க்குச் சொன்னோம். அவன் தனக்குத் தானே ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவன் செய்தது ஒருவகைத் தியானம்தான். இந்த முறை பாடத்தை அதைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பிரட்டுக்கு நேரமாகிவிட்டது, கொழுந்து கிலோ குறைந்து பெயர் அரைப்பெயர் ஆகிவிட்டது, கடைக் கொப்பியில் கடன் ஏறிவிட்டது, மகளிடமிருந்து ஒரு கிழமையாகக் கோல் இல்லை. இப்படியான கவலை வரும்போது நம் உடம்பு, சிறுத்தையைக் கண்டமாதிரி நடந்துகொள்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு மேல்நெஞ்சிலேயே நிற்கிறது. தோளும் கழுத்தும் இறுகிப்போகின்றன. சிறுத்தை போய்விட்டால் உடம்பு தானாகத் தணிந்துவிடும். கடன் அப்படிப் போவதில்லையே! அதனால் உடம்பு இறுகினபடியே இருக்கிறது. நாள்பட்டால் தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், வயிறு எரியும். சிலர் அதை இறக்குவதற்காகத்தான் கசிப்பைத் தேடிப் போகிறார்கள்.

இறுகின உடம்பைத் தளர்த்த இரண்டு சின்ன வாசல்கள் இருக்கின்றன. ஒன்று மூச்சு. மெதுவாக, முக்கியமாக வெளிமூச்சை நீளமாக விட்டால் இருதயத் துடிப்பு தணியும். மற்றது தொடுகை. நமக்குப் பழக்கமான, நம்மை நம்புகிற ஒரு உயிரை மெதுவாகத் தடவும்போது உடம்பு, பயமில்லை என்று தெரிந்துகொள்கிறது. பழகிய நாயைத் தடவும்போது பலருக்கு இரத்த அழுத்தம் சற்று இறங்குவதை வைத்தியர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2015 இல் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஒட்சிடோசின் என்ற சுரப்பு கூடுகிறதாம். தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுரப்பதும் இதுதான். ஆட்கள் வளர்த்த ஓநாய்களை வைத்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. நாய் மனிதரோடு பல்லாயிரம் வருஷம் வாழ்ந்து பழகியது. வாசலில் படுத்துக்கொண்டு நம் முகத்தையே பார்க்கிற அந்தப் பார்வைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் 1980 இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். இருதய நோயால் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்தார்கள். இதைப் படித்துவிட்டு, நாய் இருக்கிறது, இனி பிரஷர் குளிசை வேண்டாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது சிறிய ஆராய்ச்சி. பிறகு செய்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவு காட்டவும் இல்லை. குளிசை குளிசைதான், கிளினிக் கிளினிக்தான். நாய் கூடத் துணைக்கு.

துணை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் யோர்க் நகரில் 1796 இல் மனநோயாளருக்கு ஒரு இல்லம் திறந்தார்கள். மற்ற இடங்களில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த காலம் அது. அந்த இல்லத்து முற்றத்தில் முயலையும் கோழியையும் விட்டு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

திருவண்ணாமலையில் ஒரு பசு

தியானம் என்றால் நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. கதவைச் சாத்திவிட வேண்டும், பிள்ளைகள் சத்தம் கூடாது, நாய் பூனையை விரட்டிவிட வேண்டும் என்று. லயத்துக் காம்பராவில் அதெல்லாம் நடக்கிற காரியமா? ஆனால் நம் காலத்துக்குச் சற்று முன் வாழ்ந்த பெரிய தியானி ஒருவர், பிராணிகளை விரட்டவே இல்லை. அவர் ரமண மகரிஷி.

திருவண்ணாமலையில் அவருடைய ஆச்சிரமத்தில் நாய், குரங்கு, அணில், மயில், பசு எல்லாம் இஷ்டப்படி வந்துபோயின. நாய்களை அவர் அது, இது என்று சொல்வதில்லை. பசங்கள் என்பார். பசங்களுக்குச் சாப்பாடு ஆனதா என்று கேட்பாராம். அவர் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார், எதிரே பக்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாய்களும் பக்கத்தில் படுத்திருக்கும்.

இவற்றுள் பெயர்பெற்றது இலட்சுமி என்ற பசு. 1926 இல் ஒரு பக்தர் தாய்ப் பசுவோடு கன்றாக அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது ஆச்சிரமத்தில் தொழுவம் இல்லை. மலையில் சிறுத்தை நடமாட்டம் வேறு. (நம் மலைகளில் மாடு, நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை!) அதனால் ஊருக்குள் ஒருவர் பொறுப்பில் விட்டார்கள். கன்று கொஞ்சம் வளர்ந்ததும் என்ன செய்தது தெரியுமா? தினமும் காலையில் தானே வழி கண்டுபிடித்து ஆச்சிரமத்துக்கு வந்து, நேராக மகரிஷியிடம் போய் நின்றது. பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு மாலையில் திரும்பிப் போனது. பிறகு ஆச்சிரமத்திலேயே தொழுவம் கட்டி வைத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் இருந்து 1948 ஜூன் 18 ஆந் திகதி அது உயிர் விட்டது. கடைசி நேரத்தில் மகரிஷி பக்கத்திலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். ஆச்சிரமத்துக்குள்ளேயே அதற்குச் சமாதி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே நாய்க்கும் மானுக்கும் காகத்துக்கும்கூடச் சமாதி உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் யாத்திரை போகிறவர்கள் பார்த்து வரலாம்.

நம் பெரிய புராணத்தில் வரும் ஆனாய நாயனாரையும் இங்கே நினைக்கலாம். அவர் மாடு மேய்ப்பவர். குழலில் ஐந்தெழுத்தை வாசிக்கும்போது மேய்ந்துகொண்டிருந்த பசுக்கள் புல்லை மறந்து நின்றன, பாம்பும் மயிலும் பகையை மறந்து ஓரிடத்தில் நின்றன என்று சேக்கிழார் சொல்கிறார். புத்த பெருமானுக்குக் காட்டில் ஒரு யானையும் குரங்கும் பணிவிடை செய்த கதையை நம் சிங்கள அயலவர்கள் விகாரைச் சுவர்களில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

செய்யும் முறை

மாலையில் மலையிலிருந்து இறங்கி, கைகால் முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகு செய்யலாம். பத்து நிமிஷம் போதும். அந்த நேரத்தில் டீவியும் போனும் வேண்டாம். இஸ்தோப்பிலோ வாசல் படியிலோ சாக்கைப் போட்டு உட்காருங்கள். கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்து வந்த கழுத்து என்பதால் சுவரில் சாய்ந்துகொள்வது நல்லது. சம்மணம் கட்ட முடியாதவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், சாமி கோபிக்காது.

நாயைக் கூப்பிடாதீர்கள், பிடித்து இழுக்கவும் வேண்டாம். முதல் பாடமே இதுதான். நீங்கள் அமைதியாக இருந்தால் பழகிய நாய் தானே வந்து பக்கத்தில் படுக்கும். முதல் நாள், சாப்பாடு தருவார்களோ என்று மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். போகட்டும். மூன்றாம் நாலாம் நாள் பழகிவிடும்.

வந்து படுத்ததும் தோளை இறக்கி விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் தாடையைத் தளர்த்துங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததை விட நீளமாக வெளியே விடுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விட்டால் சரி. அடக்கி வைக்க வேண்டாம். பிறகு நாயின் விலாவைப் பாருங்கள், அது ஏறி இறங்குவதை மட்டும் பாருங்கள். நாயின் மூச்சோடு உங்கள் மூச்சைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். ஓய்வாக இருக்கும் நாய்கூட நிமிஷத்துக்கு 10 முதல் 30 தடவை மூச்சு விடும். நாம் தளர்ந்து இருக்கும்போது நமக்கு ஆறு, எட்டு, பத்து போதும். அதன் மூச்சு அதற்கு, நம் மூச்சு நமக்கு.

கவலை வராமல் இருக்காது. கடன் வரும், மகள் வருவாள், நாளைக்கு எந்த மலை என்ற யோசனை வரும். வந்தால் சண்டை போடாமல் திரும்பவும் அந்த விலாவைப் பாருங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை திரும்பி வரலாம்.

கையால் தடவ விரும்பினால் உச்சந்தலையில் தட்டாதீர்கள். பல நாய்களுக்கு அது பிடிக்காது. நெஞ்சுப் பக்கம், தோள் பக்கம், முடி போகிற வாக்கில் மெதுவாகத் தடவுங்கள். நாலைந்து தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். அது இன்னும் நெருங்கி வந்தால் வேண்டும் என்று அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, வாலை உள்ளே இழுத்தாலோ, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ போதும் என்று சொல்கிறது. விட்டுவிடுங்கள். கட்டிப்பிடிப்பது நமக்குத்தான் அன்பு. நாய்க்கு அது பிடித்து அமுக்குவது போல. பிள்ளைகள் கடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு

நம்மைக் கேட்டால் தியானத்துக்கு நாயை விட மாடுதான் மேல் என்போம். மானாப் புல்லைத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடுகிற மாட்டைப் போல அவசரம் இல்லாத ஜீவன் இந்தத் தோட்டத்தில் வேறு எது? ஒரு நாளில் ஆறேழு மணித்தியாலம் அசைபோடுகிறது. பால் கறந்து கொடுத்தனுப்பின பிறகு உடனே ஓடாமல் பட்டியில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அந்த அசைபோடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மூச்சை விடுங்கள்.

ஆஸ்திரியாவில் வியன்னா மிருக வைத்தியப் பல்கலைக்கழகத்தில் மாட்டை எங்கே தடவினால் அதற்குச் சுகம் என்று ஆராய்ந்தார்கள். கழுத்தின் கீழ்ப்பக்கம்தானாம். அங்கே தடவினால் மாடு கழுத்தை நீட்டி, காதைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். நம் பட்டிக்காரப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "இதுக்கா அங்க படிக்கிறாங்க? அலைதாடிய நீவி விட்டா மாடு சொக்கும்னு எங்க அப்பா சொல்லுவாரு" என்றார்.

பூனை இருந்தால் மடியில் வந்து படுக்கும்வரை பொறுங்கள். அது உறுமுகிற சத்தமே போதும். கோழியை வைத்துத் தியானம் செய்ய முடியாது, அது நம் அனுபவம்.

புண் உள்ள கையும் காலும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொழுந்து பறிக்கிற விரலில் வெடிப்பும் கீறலும் இருக்கும். காலில் அட்டை கடித்த புண் இருக்கும். நாய் அன்பாகத்தான் நக்கும். ஆனால் விசர் நாய்க்கடி நோய்க் கிருமி நாயின் எச்சிலில் வருகிறது. கடித்தால் மட்டும் அல்ல, புண்ணில் நக்கினாலும் நகத்தால் பிறாண்டினாலும் தொற்றலாம். நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1970களில் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடுவதும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக ஊசி போடுவதும் பரவினதால்தான் அந்தத் தொகை பெருமளவு குறைந்தது. குறைந்ததே தவிர ஒழியவில்லை.

ஆகவே ஊசி போட்ட நாயோடு மட்டும் உட்காருங்கள். புண்ணைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ புண்ணில் நக்கினாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டு நாளை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். குட்டி நாய்தானே என்றும் விட வேண்டாம். முடிந்ததும் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம், ஏனென்றால் குட்டிகளின் வயிற்றுப் பூச்சி முட்டை பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். மருந்து அடிக்கிற வேலைக்குப் போனவர்கள் குளித்து உடுப்பை மாற்றாமல் நாயைத் தொடக் கூடாது. அது தன் ரோமத்தை நக்கும்போது அந்த மருந்தும் உள்ளே போகும்.

இரவில் நாயை வெளியே கட்டிப்போடுவதையும் நிறுத்த வேண்டும். சிறுத்தைக்கு அது விருந்து வைத்த மாதிரி. கட்டின நாய் ஓடித் தப்பவும் முடியாது.

இன்னொரு விஷயம் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது. லயத்திலிருந்து ஏழு பேர்ச் காணியில் புது வீட்டுக்குப் போன குடும்பங்கள் சிலவற்றின் நாய்கள் இன்னும் பழைய லயத்திலேயே கிடக்கின்றன. சாமான், சாமி படம் எல்லாம் லொறியில் ஏறியது. நாய்க்கு இடம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அது பூட்டின காம்பரா வாசலிலேயே படுத்திருப்பதை அந்தப் பக்கம் போகும்போது பார்க்கிறோம். பிறகு அது பட்டினியில் திரியும், ஊசியும் கிடைக்காது, கடைசியில் பிள்ளைமடுவப் பக்கம் வந்து யாரையாவது கடிக்கும். பெட்டை நாய்க்குட்டிகளைப் பெட்டியில் போட்டுத் தேயிலைக்குள் விடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம். மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்துச் சொல்ல நாங்கள் தயார்.

கிருலப்பனைக்குத் திரும்பிப் போனால்?

பையன் கேட்டதும் இதைத்தான். "நாளைக்கு நான் போயிருவேன். அங்க மணி இல்லையே?"

தெரு நாய்களோடு பழகப் போக வேண்டாம் என்றோம். அவன் தங்கியிருக்கிற வீட்டுக்காரரிடம் ஒரு நாய் உண்டாம், ஊசியும் போட்டதாம். அவர்களிடம் கேட்டு மாலையில் அதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கச் சொன்னோம். அதுவும் இல்லையென்றால் கிருலப்பனை கால்வாய் இருக்கிறதே. கரையில் வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். கபரகொய்யா வெயில் காயும். பார்த்துக்கொண்டே மூச்சை விட, அதைத் தொட வேண்டும் என்று இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தாலும் மூச்சு இறங்கும்.

பத்து நிமிஷத்தில் தணியாத கவலையும் உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற யோசனை வருகிறது என்றால் நாயும் மாடும் போதாது. டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், நம்மிடமும் சொல்லலாம், வெளியே போகாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். இலட்சுமி பசு வந்த வருஷம் என்று நினைத்தால் மறக்காது.

பையன் போய்விட்டான். போன கிழமை அந்தத் தாயைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கண்டோம். இப்போது மாலையில் அவரும் இஸ்தோப்பில் மணி பக்கத்தில் உட்காருகிறாராம். "எனக்குக் கண்ணு சொக்கிருதுங்க ஐயா, தியானமெல்லாம் தெரியல" என்றார். மகன் கோல் எடுத்தால் முதலில் போனை மணி மூக்குக்கிட்ட வைக்கச் சொல்கிறானாம். அது மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டியா அம்மா என்று கேட்கிறானாம்.

நாய்களுக்கு ஊசி போடும் நாள் தெரிந்ததும் பிரட்டுக்களப் பலகையில் ஒட்டுவோம். கயிறு போட்டுக் கொண்டுவாருங்கள், போன வருஷத்து அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சொந்தக்காரர் இல்லாத லயத்து நாய்களை யார் பிடித்து வருவது என்று இப்போதே உங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் அன்றைக்கு வேலை சுலபம்.